துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, பத்திரத்துக்கு ஒரு பெட்டி

பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர்ந்தார். கிளம்புவதற்கு முந்தைய வாரம் என்னைக் கூப்பிட்டு, நாற்பது வருஷமாக மான் வேட்டைக்குக் கொண்டுபோன தன் ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ ரக வேட்டை ரைஃபிளை எனக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இங்கே கொலராடோவில், குடும்பத்தார் அல்லாத ஒருவருக்குச் சும்மா கொடுப்பதென்றாலும் உரிமம் பெற்ற கடை வழியாகப் பின்னணிச் சோதனை முடித்துத்தான் துப்பாக்கியைக் கை மாற்ற வேண்டும். அதை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏற்கெனவே ஒரு ஷாட்கன், ஒரு கைத்துப்பாக்கி. மூன்றும் கராஜில் ஒரு தகர அலமாரியில், நோட்டுப்புத்தகப் பூட்டு மாதிரி ஒரு பூட்டுக்குப் பின்னால்.

வீட்டில் 13 வயதில் ஒருவன், 9 வயதில் ஒருத்தி. சிறுவர்கள் கைக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று கொலராடோவில் 2021 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த அலமாரியைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. நல்ல சேஃப், அதாவது இரும்புப் பெட்டகம், ஒன்று வாங்கலாம் என்று மனைவியிடம் பேச்சை எடுத்தேன்.

“என்னங்க, வாங்குறதுதான் வாங்குறீங்க, பெருசா வாங்கிடுங்க. என் நகை, ஊர்ப் பத்திரம், பிள்ளைங்க பாஸ்போர்ட் எல்லாம் அதிலேயே வெச்சிடலாம். நெருப்புல வேகாததா பாத்து வாங்குங்க.”

நியாயமான கோரிக்கை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் புரிந்தது, அவள் கேட்டது ஒரு பெட்டி இல்லை, இரண்டு பெட்டி. துப்பாக்கிக்கு எதிரி திருடனும் வீட்டுக் குழந்தையின் ஆர்வமும். காகிதத்துக்கு எதிரி நெருப்பு. இரண்டு எதிரிக்கும் ஒரே பெட்டி செய்கிறேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றில் ஏமாற்றுகிறார்கள். எதில் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஒப்பீடு.

(துப்பாக்கி பற்றிப் படிக்கும் ஹெச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்ற விசா அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தபிறகு கதை வேறு. நண்பன் வீட்டில் வைத்திருக்கிறான், நானும் வாங்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.)

எந்த நெருப்பு?

2021 டிசம்பர் 30. எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து மேற்கே பார்த்தால் வானம் முழுக்கப் பழுப்புப் புகை. மார்ஷல் தீ. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகக் காற்றில் காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு லூயிவில், சுப்பீரியர் இரண்டு ஊர்களுக்குள்ளும் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தின்றுவிட்டது. மறுநாளே பனி கொட்டியது. சாம்பலான வீடுகளின் பேஸ்மென்ட் (நிலவறை) குழிகளிலிருந்து பனிக்கு நடுவே புகை வந்துகொண்டிருந்தது.

சேஃப் விற்பவர்கள் இந்தக் காட்சியைக் காட்டித்தான் வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் விற்கும் பெட்டி இந்த மாதிரி நெருப்புக்குச் செய்தது இல்லை. அன்றைக்கு எரிந்த வீடுகளை அணைக்க ஆள் இல்லை. தரைத்தளத்தில் இருந்த கனமான பொருள் எல்லாம் பலகைத் தளம் எரிந்ததும் பேஸ்மென்ட்டுக்குள் விழுந்து, அங்கே மணிக்கணக்கில் கங்குக்குள் கிடந்தது. ‘60 நிமிடம் தாங்கும்’ என்று ஒட்டிய பெட்டி அங்கே என்ன செய்யும்?

சாதாரண வீட்டுத் தீ வேறு ரகம். சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, உலர்த்தும் எந்திரத்தில் பஞ்சு பற்றிக்கொள்கிறது. புறநகரில் தீயணைப்பு நிலையம் பக்கத்தில், தெருமுனையில் தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய். ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு அறை எரிவதற்குள் தண்ணீர் அடித்துவிடுவார்கள். இந்தத் தீயில் நடுத்தரமான சேஃப் கூடத் தாக்குப்பிடிக்கும், அதுவும் எரிந்த அறையில் இல்லாமல் போனால் நிச்சயமாக.

ஆகவே முதலில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். ஊருக்குள் இருந்தால் 30 நிமிடமா 60 நிமிடமா என்பது அர்த்தமுள்ள கேள்வி. காட்டோரம், புல்வெளியோரம் என்றாலோ தீயணைப்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றாலோ, வீட்டில் வைக்கும் எந்தப் பெட்டியையும் நம்பி மாற்றில்லாத காகிதத்தை வைக்காதீர்கள். அதற்கு வங்கி லாக்கர்.

தண்ணீர் சுண்டும் வரை

துப்பாக்கி சேஃப்களில் பெரும்பாலானவற்றின் நெருப்புக் காப்பு என்ன தெரியுமா? வீட்டுச் சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் போர்டு. டிரைவால். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், ஈரமாக இல்லை, வேதிப் பிணைப்பாக உள்ளே கட்டுண்டு கிடக்கிறது. சூடு ஏறினால் அது ஆவியாக வெளியேறும். ரசம் கொதிக்கும் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் வரை அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் பாத்திரம் தீயாது. சுண்டியதும் ஒரு நிமிஷத்தில் அடிப்பிடித்துக் கருகும். ஜிப்சம் சேஃப் அதே கதைதான். எத்தனை அடுக்கு போர்டு இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர், அவ்வளவு நேரம்.

அந்த ஆவி எங்கே போகும்? ஒரு பங்கு வெளியே, ஒரு பங்கு பெட்டிக்குள்ளே. அதனால் நெருப்பில் தப்பிய சேஃபைத் திறந்தால் உள்ளே எல்லாம் வேகவைத்த மாதிரி நனைந்திருக்கும். காகிதம் காயும். எண்ணெய் ஆவியாகிப்போன இரும்பு சில நாளில் துருவேறும். பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் தப்பிக்கும் என்று நினைத்தேன். சாதாரண பாலித்தீன் உறை 110, 130 டிகிரி செல்சியஸிலேயே உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த யோசனை அதோடு போயிற்று.

இப்போது அந்த ‘60 நிமிடம்’ ஸ்டிக்கர். இதில் இரண்டு உலகம் இருக்கிறது.

ஒன்று, யூ.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் வகுத்த யூ.எல். 72 என்ற சோதனை. ஆவணப் பெட்டிகளுக்கானது. ‘கிளாஸ் 350, 1 மணி நேரம்’ என்றால், உலை ஒரு மணி நேரத்தில் 1,700 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 927 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். உள்ளே 350 ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. செல்சியஸில் 177. முக்கியமான இடம் இனிமேல்தான். நேரம் முடிந்ததும் பெட்டியை வெளியே எடுப்பதில்லை. உலையிலேயே மூடி ஆற விடுகிறார்கள். ஆறும்போதுதான் சுவரில் தேங்கிய சூடு உள்ளே இறங்கும். அப்போதும் 177 தாண்டக் கூடாது.

இன்னொன்று, கம்பெனிகள் தாங்களே வகுத்துக்கொண்ட சோதனை. துப்பாக்கி சேஃப் ஸ்டிக்கர்களில் பெரும்பாலானவை இந்த ரகம். 1,200 ஃபாரன்ஹீட்டில் இத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். உலை எவ்வளவு வேகமாக ஏறியது, உள்ளே எந்த மூலையில் அளந்தார்கள், ஆறவிட்டபோது என்ன ஆனது என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. சிலர் வெளிச் சோதனைக் கூடத்தில் செய்து சான்று வாங்குகிறார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் 60-ஐயும் இன்னொரு கம்பெனியின் 75-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒருவர் வீட்டு ஆழாக்கையும் இன்னொருவர் வீட்டுப் படியையும் வைத்து அரிசி அளந்த கதைதான்.

இன்னொரு நுணுக்கம். 177 டிகிரி என்பது காகிதம் கருகாத அளவு. மற்றவற்றுக்கு அது பொருந்தாது. புகையில்லா வெடிமருந்து கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். போட்டோ நெகட்டிவ், ஹார்டு டிஸ்க் எல்லாம் அதற்கு வெகு முன்பே போய்விடும். காந்த நாடாவுக்கென்று யூ.எல். வைத்த வகுப்பு 150 ஃபாரன்ஹீட், அதாவது 66 டிகிரி செல்சியஸ். குடும்பப் படங்களை ஹார்டு டிஸ்க்கில் போட்டு துப்பாக்கி சேஃபில் வைப்பவர்கள் ஒரு நகலைச் சென்னையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பிவிடுவது மேல்.

நான் பார்த்த ஐந்து ரகம்

பீரோ ரகத்தில் ஆரம்பிக்கிறேன். நம்ம ஊர் இரும்பு பீரோவுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி, மெல்லிய தகடு, நெருப்புக் காப்பு கிடையாது. இருநூறு முந்நூறு டாலருக்குள் முடியும். ஒரு ஆள் தூக்கலாம், திருடனும் தூக்கலாம். ஆனால் சுவரில் உள்ள மரச்சட்டங்களோடு போல்ட் அடித்து நிறுத்தினால் சின்னப் பிள்ளைகளைத் தடுக்கும். அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம். குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, விலைக்கு ஏற்ற சாமான்.

அடுத்தது, கடைகளில் வரிசையாக நிற்கும் ஜிப்சம் ரகம். லிபர்ட்டி, விஞ்செஸ்டர் மாதிரிக் கம்பெனிகள் இந்த வட்டத்தில் மாடல் வைத்திருக்கின்றன. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் டாலர் சொச்சம், எடை இருநூறு முந்நூறு கிலோ. பளபளப்பான பெயிண்ட், கப்பல் சக்கரம் மாதிரி கைப்பிடி, உள்ளே மெத்தைத் துணி. ‘24 துப்பாக்கி கொள்ளும்’ என்று எழுதியிருக்கும். தொலைநோக்கி மாட்டிய ரைஃபிள் என்றால் பன்னிரண்டு வைப்பதற்குள் ஒன்றோடொன்று இடிக்கும். எழுதியிருப்பதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரகத்தில்தான் நல்லதும் பொல்லாததும் கலந்து கிடக்கிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடைக்காரர் கதவிலுள்ள போல்ட்களை எண்ணச் சொல்வார். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. போல்ட் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். கேட்க வேண்டியது தகட்டின் கனம். இங்கே அதைக் கேஜில் சொல்வார்கள். எண் குறைந்தால் தகடு கனம். 14 கேஜ் என்றால் 1.9 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.7, 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.6. கையில் ஐந்து சென்ட் நாணயம் இருந்தால் அதன் கனம் ஏறக்குறைய 14 கேஜ். கால் டாலர் இரண்டை அடுக்கினால் 10 கேஜ்.

இதைக் கடையிலேயே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சேஃபின் பின்பக்கம் மின்கம்பி நுழைய ஒரு துளையும், அடியில் தரையோடு போல்ட் போட நான்கு துளைகளும் இருக்கும். கம்பித் துளையின் ரப்பர் மூடியைக் கழற்றி செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் இரும்பு ஐந்து சென்ட் கனம்கூட இல்லை. அதற்குப் பின்னால் ஒரே ஒரு அடுக்கு வெள்ளைப் போர்டு, விளிம்பில் மாவு உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற, நானூறு டாலர் அதிகமான மாடலில் இரும்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போர்டு மூன்று அடுக்கு, அடுக்குகளின் இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி வைத்திருந்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. அதே துளையில் கதவுப் பக்கம் தெரியாது. கதவின் உள்பக்கத் துணிப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஒரு கடைக்காரர் முறைத்தார், இன்னொருவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். ஸ்க்ரூடிரைவரோடு வந்தவரிடம்தான் கடைசியில் வாங்கினேன்.

கதவு விளிம்பையும் தடவிப் பாருங்கள். சூடு பட்டால் பல மடங்கு உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை ஒன்று ஒட்டியிருக்க வேண்டும், நான்கு பக்கமும், மூலையில் விட்டுப்போகாமல். சிலதில் மூலையில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. புகை அந்த விரல் வழியாகத்தான் போகும்.

கதவுக்குள் யூ.எல். ஸ்டிக்கரில் ‘ரெசிடென்ஷியல் செக்யூரிட்டி கன்டெய்னர்’ (சுருக்கமாக ஆர்.எஸ்.சி.) என்று இருந்தால் அதற்கு அர்த்தம், ஒரு ஆள் சாதாரணக் கைக்கருவிகளோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டியும் திறக்க முடியவில்லை என்பது. ஐந்து நிமிடம்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். அவசரத்தில் வரும் திருடனுக்கு அது நீளமான நேரம். ஆனால் பேட்டரியில் ஓடும் இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு நிதானமாக வருபவனுக்கு 12 கேஜ் பக்கச் சுவர் பெரிய தடை இல்லை. இரண்டு பக்கமும் சுவர் வரும்படி மூலையில் தள்ளி நிறுத்துங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, இரட்டைத் தகட்டுக்கு நடுவே சிமென்ட் மாதிரிக் கலவையை வார்த்து நிரப்பிய ரகம். ஆம்செக் கம்பெனியின் பி.எஃப். வரிசை இதற்குப் பேர்போனது. போர்டு இணைப்பு என்ற பலவீனமே இல்லை. நெருப்புக்கும் நல்லது, வெட்டுக்கும் நல்லது. கதவைத் தட்டினால் ‘டங்’ என்று வராது, கருங்கல்லைத் தட்டின மாதிரி ‘தொப்’ என்று வரும். விலை ஜிப்சம் ரகத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. எடை அரை டன்னைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பத்துப் பதினைந்து துப்பாக்கி, அவற்றில் சில தாத்தா காலத்தவை என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். மூன்று துப்பாக்கிக்கு இது எலிக்கு யானைப் பொறி.

இதிலேயே வார்ப்புக்குப் பதில் செராமிக் பஞ்சு அடைத்ததும் உண்டு, கலிஃபோர்னியாவின் ஸ்டர்டி கம்பெனி இதற்குப் பெயர் பெற்றது. ஈரம் விடாது, துருப் பயம் குறைவு. ஆனால் சூட்டை உறிஞ்சும் தண்ணீரும் அதில் இல்லை, வெறும் தடுப்பு மட்டும். ஜிப்சமா செராமிக்கா, எது மேல் என்று இரு கட்சிக்காரர்களும் ரசிகர் மன்றம் மாதிரிச் சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை.

நான்காவதாக, நகைக் கடைகள் மூடும்போது விற்பனைக்கு வரும் பழைய டி.எல்.-15, டி.எல்.-30 பெட்டகங்கள், அதாவது கருவிகளோடு வருபவனை 15, 30 நிமிடம் தாங்கும் என்று சான்று பெற்றவை. திருடனுக்கு எதிராக இதற்கு மிஞ்சி வீட்டில் ஒன்றும் வைக்க முடியாது, சில சமயம் புது ஜிப்சம் சேஃபின் விலைக்கே கிடைக்கும். கொண்டுவந்து இறக்கும் செலவுதான் ஆளைக் கொல்லும். கான்கிரீட் தரையுள்ள கராஜ் இருந்தால் மட்டும் யோசியுங்கள். உள்ளே நீள ரைஃபிள் நிற்குமா என்று உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, கடைசி, சிறிய ஆவணப் பெட்டி. சென்ட்ரிசேஃப் போன்றவர்கள் செய்வது. மேலே சொன்ன யூ.எல். கிளாஸ் 350 சான்று நியாயமான விலையில் கிடைப்பது இங்கேதான், சில நூறு டாலருக்குள். காகிதத்துக்கு அற்புதம். துப்பாக்கிக்கு மட்டும் ஆகவே ஆகாது. சுவருக்குள் இருக்கும் கலவை நெருப்பு இல்லாத நாளிலும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். கதவு இறுக்கமாக மூடுவதால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். நண்பர் ஒருவர் அதில் ஆறு மாதம் வைத்த கைத்துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். சறுக்குப் பகுதி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரித் துருப்புள்ளி. திருடனுக்கும் இது தடை இல்லை, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தேன்

முடிவை மாற்றியது கடை இல்லை, மேஜை டிராயரில் கிடந்த வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி. பல பாலிசிகளில் திருட்டு போனால் துப்பாக்கிகளுக்கு மொத்தமாக 2,500 டாலர், நகைக்கு 1,500 டாலர் என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். அந்த வரம்பு திருட்டுக்கு. நெருப்பில் போனால் வீட்டுச் சாமான் கணக்கிலேயே மொத்தமும் வரும். உங்கள் பாலிசியில் வேறு மாதிரி இருக்கலாம், படித்துப் பாருங்கள். எங்களுடையதில் இப்படித்தான் இருந்தது.

அதாவது என் ரைஃபிள் எரிந்தால் கம்பெனி பணம் தரும், திருடு போனால் அந்த வரம்பு வரைதான் தரும். போதாக்குறைக்கு அது யார் கையில் போய்ச் சேர்ந்ததோ என்று ராத்தூக்கம் போகும். துப்பாக்கிக்காக நெருப்புக் காப்பில் ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொட்டுவதைவிட அதே ஆயிரத்தை இரும்பின் கனத்தில் போடுவது புத்திசாலித்தனம்.

நகையையும் கணக்குப் போட்டோம். தங்கம் உருக ஆயிரம் டிகிரி செல்சியஸ் பக்கம் வேண்டும். எரிந்த வீட்டில் உருகாமலும் தப்பும், உருகினாலும் சாம்பலைச் சலித்தால் கட்டியாகக் கிடைக்கும். முத்தும் பவளமும்தான் நெருப்பில் ஒன்றுமில்லாமல் போகும். ஆக அவளுடைய தங்கத்துக்கும் திருடன்தான் எதிரி. மாமியார் கொடுத்த முத்துமாலைக்கு மட்டும் நெருப்பு எதிரி.

ஊர்ப் பத்திரம்? தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆனால் நிலத்தை விற்கப் போனாலும் அடமானம் வைக்கப் போனாலும் ‘ஒரிஜினல் எங்கே’ என்ற கேள்விதான் முதலில் வரும். அதை அமெரிக்காவில் பெட்டிக்குள் வைத்திருப்பதே சரியா என்று ஒரு வாரம் பேசினோம். என் மாமனார், “இங்க பேங்க் லாக்கர்ல இருக்கட்டும் மாப்ள, நீங்க அடுத்த தடவ வரும்போது கொண்டாங்க” என்றார். அதோடு தீர்ந்தது. பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டை, பிறப்புச் சான்றிதழ், வீட்டுக் கடன் காகிதம் மட்டும் இங்கே.

பூட்டும் படிக்கட்டும்

பூட்டு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுழற்றும் டயல் மெதுவானது, பல காலம் உழைக்கும். எண் பொத்தான் பூட்டு வேகமானது, பேட்டரி வெளிப்பக்கமிருந்தே மாற்றலாம், என்றைக்காவது மின்சுற்று பழுதானால் பூட்டுக்காரர் துளை போட வேண்டிவரும். நெருப்பில் எண்பொத்தான் உருகினாலும் உள்ளே பூட்டு பூட்டியபடிதான் இருக்கும். இருட்டில் கண்ணாடி இல்லாமல் டயல் சுழற்றிப் பார்த்தேன், மூன்று முறை தவறியது. எண்பொத்தான் போதும் என்று முடிவு செய்தேன்.

2023-இல் லிபர்ட்டி கம்பெனி, எஃப்.பி.ஐ. சோதனை வாரண்ட்டோடு வந்தபோது ஒரு வாடிக்கையாளரின் சேஃபைத் திறக்கும் எண்ணைக் கொடுத்துவிட்டது என்று பெரிய களேபரம் நடந்தது. தொழிற்சாலையில் வைத்த எண் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு வேண்டாதவர்கள் பதிவிலிருந்து எண்ணை நீக்கச் சொல்லலாம் என்று அவர்கள் வழி செய்தார்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் என் வீட்டுச் சாவியின் நகல் வேறொரு ஊரில் இருப்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே வைப்பது? நெருப்புக்கு நல்ல இடம் பேஸ்மென்ட்டில், வெளிச்சுவர் மூலை. சூடு மேலே போகும், கான்கிரீட் இரண்டு பக்கமும் இருக்கும், கீழே விழ வேறு தளம் இல்லை. ஆனால் தீயணைப்பு வண்டி அடிக்கும் தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்கும். அதனால் அடியில் இரண்டு அங்குலம் உயர்த்தி நிறுத்த வேண்டும். கராஜில் வைத்தால் இறக்குவது சுலபம். ஆனால் பெட்ரோல், பெயிண்ட், காரெல்லாம் அங்கேதான். கதவு திறந்திருக்கும்போது தெருவில் போகிறவன் பார்த்துவிடுவான். ஊருக்கெல்லாம் ஏலம் போட்ட மாதிரி.

பேஸ்மென்ட் என்றால் படிக்கட்டு. என் அனுபவத்தைச் சொல்கிறேன். கடைக்காரர் ஏற்பாடு செய்த ஆட்கள் இரண்டு பேர், ஏறும் சக்கரம் வைத்த வண்டியோடு வந்தார்கள். பதினான்கு படி, நடுவில் ஒரு திருப்பம். திருப்பத்தில் மேடையின் அகலத்தை நான் அளந்திருந்தேன், கைப்பிடிச் சட்டத்தைக் கழிக்க மறந்துவிட்டேன். 270 கிலோ இரும்பு ஒரு படியில் சாய்ந்து நிற்க, கீழே ஒருவர் தோள் கொடுத்து நிற்க, நான் டிரில் தேடி ஓடி கைப்பிடியைக் கழற்றிய பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கதவைத் தனியாகக் கழற்ற முடிகிற மாடல்கள் உண்டு. படிக்கட்டு உள்ளவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

வாங்கியது

ஜிப்சம் ரகத்தில் 10 கேஜ் உடம்பு, போர்டு மூன்று அடுக்கு, ஆர்.எஸ்.சி. ஸ்டிக்கர், எண்பொத்தான் பூட்டு உள்ள ஒன்று. நான்கு துளையிலும் கான்கிரீட் போல்ட். அதில் துப்பாக்கி மூன்றும், தங்க நகையும். உள்ளே ஈரத்தைப் போக்க மின்சூட்டுக் கம்பி விற்பார்கள். கொலராடோவின் வறட்சிக்கு சிலிக்கா ஜெல் டப்பா இரண்டு போதும். ஹூஸ்டனில் இருக்கும் என் மச்சினர் கம்பி இல்லாமல் முடியாது என்கிறார், அங்கே காற்றே கஞ்சி மாதிரி.

தோட்டாக்களை அந்த சேஃபில் வைக்கவில்லை. தனியாக, பூட்டிய பெட்டியில், வேறு அறையில். துப்பாக்கிக் குழலுக்குள் இல்லாத தோட்டா நெருப்பில் வெடித்தால் ஓடு பிய்ந்து தெறிக்குமே தவிர, சுட்ட குண்டு மாதிரிப் பாயாது. குழலுக்குள் இருந்தால் சுட்டதே ஆகும். தீயணைக்க வருபவர் எதிரே நிற்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து வைப்பது பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை.

இரண்டாவது பெட்டி, யூ.எல். கிளாஸ் 350, ஒரு மணி நேரம், சிறியது. பாஸ்போர்ட், சான்றிதழ்கள், முத்துமாலை (முத்துக்கு 177 டிகிரியே அதிகம்தான், காகிதத்துக்கு உள்ள உத்தரவாதம் அதற்கு இல்லை). முதலில் அதைப் பெரிய சேஃபுக்குள்ளேயே வைக்கத்தான் நினைத்தேன். திருட்டுப் பயமும் போகும், இரட்டைக் காப்பாகவும் ஆகும் என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அது கசியும் ஈரம் துப்பாக்கிகளோடு குடித்தனம் நடத்தும். அதனால் பேஸ்மென்ட்டிலேயே எதிர் மூலையில், பழைய துணிமணி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது.

பெரியது போல்ட், இறக்குக்கூலி சேர்த்து 2,100 டாலர் சொச்சம். சின்னது 260. ‘ஒரே பெட்டியில் எல்லாம்’ என்று முதலில் விலை கேட்ட வார்ப்பு ரகம் 5,000-ஐத் தாண்டியிருந்தது.

தீ வந்து அணைந்த பிறகு செய்ய வேண்டியதையும் சேஃப் கதவின் உட்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது, அதைப் படிக்க வேண்டுமானால் கதவைத் திறந்தாக வேண்டும். இப்போது அந்தத் தாள் அவள் செல்போனில் படமாக இருக்கிறது: வெளியே தொட்டால் சில்லென்று ஆகும் வரை இரண்டு மூன்று நாள் திறக்கக் கூடாது, உள்ளே சூடேறிக் கிடக்கும் காகிதத்துக்குப் புதுக் காற்று பட்டால் அப்போதுதான் பற்றிக்கொள்ளும்.

சின்னப் பெட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து இருபது நிமிடம் காற்றாட விடச் சொல்லி அதன் கையேட்டில் போட்டிருக்கிறது. செல்போனில் அலாரம் வைத்தேன், அணைத்துவிட்டு மறந்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் திறந்தால் சரியாக இரண்டு வாரம் என்று அவள் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். அதிலிருந்து தவறவில்லை.